உப்பு நகரும்: ஆழ்கடல் தரும் ஓர் அடர்த்திப் பாடம்

"அடர்த்தி குறைந்தது மேலே வரும்" என்று வகுப்பில் சொல்கிறோம். தண்ணீரில் எண்ணெய் மிதப்பதற்கு இந்த விளக்கம் போதும். ஆனால் கடலடியில் புதைந்துள்ள உப்பு ஏன் நகர்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால், இது பாதி விடை மட்டுமே.

மெக்சிகோ வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், அது கடல்நீர் வரத்து குறுகிய ஒரு படுகையாக இருந்தது. உப்பளப் பாத்தியில் நடப்பதுபோல் நீர் ஆவியாகி உப்பு தங்கியது. சில இடங்களில் அதன் தடிமன் கிலோமீட்டர் கணக்கில் இருந்தது. 'லூவான் உப்பு' எனப்படும் அதன்மேல் ஆறுகள் கொண்டுவந்த சேறும் மணலும் படிந்தன.

கல்லான உப்பு எப்படி ஓடும்? மற்ற பாறைகள் உடையும் இடத்தில் உப்புப் படிகங்கள் மெல்ல உருமாறும். பனியாறு நகர்வதைப்போல, ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகளில், அது குழம்பாக நகர்கிறது.

இனி அடர்த்தியைப் பார்ப்போம். உப்புப் பாறையின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 2.2 கிராம். புதைந்தாலும் அது பெரிதாக மாறாது. புதிதாகப் படிந்த சேறோ நீர் நிறைந்தது. உப்பைவிட அடர்த்தி குறைந்தது. புதையப் புதைய நீர் பிழியப்பட்டு இறுகும். வண்டல் அடுக்கின் சராசரி அடர்த்தி உப்பை மிஞ்ச, அது ஏறத்தாழ 2 கி.மீ.க்கும் மேல் தடித்திருக்க வேண்டும். அப்படியானால் அதற்கு முன்பே உப்பை நகர்த்தியது எது?

சுமையின் ஏற்றத்தாழ்வுதான். கரைப் பக்கம் வண்டல் தடித்துக் கிடந்தது. கடல் பக்கம் மெல்லிய வண்டலும் நீரும்தான். சுமை மிகுந்த பக்கத்திலிருந்து உப்பு மறுபக்கம் பிதுங்கியது. உப்பு விலகிய இடம் பள்ளமானது. பள்ளத்தில் மேலும் வண்டல் சேர்ந்தது. அந்தச் சுமை இன்னும் உப்பைத் தள்ளியது. வண்டல் உப்பை நகர்த்துகிறது, உப்பு வண்டலுக்கு இடம் அமைக்கிறது. கண்டச்சரிவில் இப்படி உருவானவற்றைச் 'சிறு படுகைகள்' என்பர். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போவதுபோல, ஒரு படுகை நிரம்பியதும் மணல் கலந்த நீரோட்டம் அடுத்த படுகைக்கு வழிகிறது. அம்மணல் அடுக்குகளில் எண்ணெய் தேங்கலாம். ஊடுருவ முடியாத உப்பு அதற்கு மூடியாகும்.

பிதுங்கிய உப்பு கடல் நோக்கிப் பரவிய விளிம்பு இன்று கடலடியில் பல நூறு மீட்டர் உயரச் சரிவாக நிற்கிறது. அதன் பெயர் சிக்ஸ்பீ செங்குத்துச் சரிவு. அதற்கும் அப்பால், 3,500 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், 1968இல் 'குளோமர் சேலஞ்சர்' கப்பல் ஒரு கடலடிக் குன்றைத் துளையிட்டது. கிடைத்தவை உப்புக் குவிமாடத்தின் மேல்மூடிப் பாறையும் எண்ணெயும்.

வகுப்பறைச் செயல்பாடு

1. தளர்வாகப் பிசைந்த கோதுமை மாவை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் பாதியளவு நிரப்பி, காற்றை நீக்கி மூடுங்கள். மேசையில் சமமாகப் பரப்புங்கள்.
2. ஒரு நோட்டின் நிறையையும் கன அளவையும் அளந்து அடர்த்தியைக் கணக்கிடச் சொல்லுங்கள். அது 1க்குக் குறைவாக வரும். சிறு மாவு உருண்டையை நீரில் இடுங்கள், மூழ்கும். எனவே மாவுக்கே அடர்த்தி அதிகம்.
3. பையின் ஒரு பாதியில் மட்டும் நோட்டுகளை அடுக்குங்கள். மறுபாதி புடைக்கும்.
4. அதே நோட்டுகளைப் பை முழுவதும் சமமாகப் பரப்பினால் என்ன ஆகும்? முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு செய்துகாட்டுங்கள்.

அடர்த்தி குறைந்த நோட்டு, அடர்த்தி மிகுந்த மாவைத் தள்ளியதை மாணவர் கண்ணால் காண்பார். மாவு நொடிகளில் நகர்கிறது, உப்புக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் தேவை என்ற வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள். "எது அடர்த்தி குறைந்தது?" என்பதோடு "சுமை எங்கே கூடுதல்?" என்றும் கேட்கப் பழகினால், அடர்த்திப் பாடமும் அழுத்தப் பாடமும் ஒன்றாக விளங்கும்.