செங்காந்தளும் அதற்கேற்ற எருவும்

முருகப்பெருமானுக்கு உகந்த செங்காந்தளை ஆலயத் தோட்டத்தில் நட வேண்டுமென்று அன்பர்கள் சிலர் விரும்புகின்றனர். திரிங்காப் மக்களுக்கு எருவும் உரமும் புதியவை அல்ல. ஆயினும் இச்செடியின் இயல்பு வேறு. ஆகவே, ஆசிரியராக இருந்த பழக்கத்தில் இதனை ஒரு சிறு பாடமாகவே எழுதுகிறேன்.

கிழங்கு: தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். இதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்றும், வளைந்த வடிவத்தால் கலப்பைக்கிழங்கு என்றும் கூறுவர். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காக இதனைப் பயிரிடுகின்றனர். விதையில் உள்ள கோல்சிசின், கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது.

எரு: நன்கு மக்கிய தொழுவுரம் மண்ணைப் பொலபொலப்பாக்கும், நீர் தேங்காது, கிழங்கு அழுகாது. மக்காத கோழி எருவோ சூடேறி வேரைக் கருக்கும், ஈயும் மொய்க்கும்.

வளர்ச்சி ஊக்கி: நெற்பயிரை அளவுக்கு மீறி நெட்டையாக வளர்த்த ஒரு பூஞ்சையை ஆராய்ந்தே, ஜப்பானியர் 1930-களில் ஜிப்ரெல்லினைப் பிரித்தெடுத்தனர். உறங்கும் முளையை எழுப்பவும் தண்டை நீட்டவும் அது வல்லது. அளவு மிஞ்சினால் தண்டு மெலிந்து சாயும். செங்காந்தள் கிழங்கின் முளை அதன் நுனியில்தான் உண்டு. நுனி முறிந்துவிட்டால் எந்த ஊக்கியாலும் பயனில்லை. எனவே மருந்தைத் தேடுவதற்கு முன் கிழங்கைப் பக்குவமாகக் கையாள வேண்டும்.

எச்சரிக்கை: “இயற்கை எருவில் வளர்ந்தது, கெடுதல் செய்யாது” என்று எண்ணலாகாது. எருவால் நஞ்சு நீங்காது, வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கென்று தவறாக உண்டு உயிரிழந்தோர் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே தோன்றும். அதுவரை காத்திராமல், உண்டது தெரிந்த உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இதில் இடைவெளி மிகக் குறைவு. ஆதலால் வீட்டு வைத்தியத்திற்கு இது ஏற்றதன்று.

ஆகவே, கிழங்கு தர முன்வரும் அன்பர்கள் அதனுடன் ஒரு வேலிக்கும் பெயர்ப்பலகைக்கும் சேர்த்து உதவுமாறு வேண்டுகிறேன். மலர் கண்ணுக்கு விருந்தாகட்டும். கிழங்கு குழந்தைகளின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.