தொடர் கொலையும் துப்பறியும் கலையும்

தனுவச்சபுரம் ரயில் நிலையத்தை விட்டு நாகர்கோவில் பக்கம் புறப்படும் வண்டி பாறசாலையைக் கடந்ததும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று விழுந்த கோட்டை மொழியும் பொருட்படுத்தவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவும் பொருட்படுத்தவில்லை. களியக்காவிளைச் சந்தைக்கு வரும் வாழைக்குலைக்கு மாநிலம் ஏது? ஆனால் போலீஸ் நிலையத்துப் பதிவேடு அந்தக் கோட்டில் நின்றுவிடும். குற்றவாளியைத் துரத்திக்கொண்டு இந்தியாவின் எப்பகுதிக்கும் போலீசார் செல்லலாம் என்று சட்டம் இடம் தருகிறது. பதிவேட்டுக்கோ கால்கள் இல்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடர் கொலைகளைப் பற்றிய துப்பறியும் கதை என்றதும் நம் நினைவுக்கு வருவது வேறு. கொலைகாரன் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்வான். துப்பறிவாளர் உறக்கமின்றி அவன் உள்ளத்துக்குள் புகுந்து பார்ப்பார். கடைசி அத்தியாயத்தில் இருவரும் நேருக்கு நேர் நிற்பார்கள். குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே சிந்தித்தார். தேவனின் சாம்புவோ சிந்திக்காமலே வென்றார். (உண்மைத் துப்பறிதலுக்குச் சாம்புவே நெருங்கியவர் என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றுவதுண்டு.) இக்கதைகளில் எங்கும் காணக் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு. அதுதான் பெட்டி நிறைய அடுக்கிய குறிப்புச் சீட்டுகள்.

பெர்லின் நகரத்துக் கொலை வழக்குப் பிரிவின் தலைவராக இருந்தவர் எர்ன்ஸ்ட் கென்னட் என்னும் பருத்த உருவம் படைத்த அதிகாரி. டுசல்டார்ஃப் நகரில் பீட்டர் கூர்ட்டன் செய்த கொலைகளைப் பற்றி 1930இல் எழுதியபோது, 'தொடர் கொலையாளி' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை அவர் கையாண்டார். கொலை வழக்குகளை எல்லாம் ஒரே இடத்தில் வகைப்படுத்தி அடுக்கும் குறிப்பேட்டை உருவாக்கியவரும் அவரே. இவ்விரண்டும் ஒருவரிடமே பிறந்தது தற்செயல் அன்று. வேறு வேறு நாளில், வேறு வேறு தெருவில் விழுந்த பிணங்களுக்குப் பின்னால் ஒரே கை இருக்கிறது என்பதை, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனே காண முடியும். 1931இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' என்ற படத்தில் வரும் இன்ஸ்பெக்டர் கென்னட்டை ஒட்டி அமைந்தவர் என்பர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1968இல் பம்பாயின் வடபுறநகர்களில், குடிசையிலும் நடைபாதையிலும் உறங்கிய ஏழைகள் இரவில் தலையில் அடிபட்டு இறந்தார்கள். விசாரணையை நடத்தியவர் ரமாகாந்த் குல்கர்ணி. ராமன் ராகவ் என்பவனின் பழைய படமும் அங்க அடையாளங்களும் போலீசாரிடம் முன்பே இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற தாக்குதல்கள் நடந்தபோது அவன் ஒரு முறை பிடிபட்டு, சான்று போதாமையால் விடப்பட்டவன். அந்த அடையாளங்களை மனத்தில் வைத்திருந்த அலெக்ஸ் ஃபியாலோ என்ற சப் இன்ஸ்பெக்டர் 1968 ஆகஸ்டு 27இல் தெருவில் அவனைக் கண்டு பிடித்தார். ராமன் ராகவ் முதலில் வாய் திறக்கவில்லை. கோழிக்கறி வாங்கிக் கொடுத்த பிறகே பேசினான் என்பது பலரும் அறிந்த செய்தி. அவன் ஒப்புக்கொண்ட கொலைகள் நாற்பதைத் தாண்டும் என்பர். வழக்கு நடந்ததோ மலாடு பகுதியில் இறந்த இருவரைக் குறித்து மட்டுமே! மரண தண்டனை விதிக்கப்பட்டது. மனநோய் மருத்துவர் மூவர் அவனை ஆராய்ந்து, அவன் தீராத மனநோயாளி என்றனர். 1987இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1995இல் அவன் இறந்தான்.

நாற்பது எங்கே, இரண்டு எங்கே? இந்த இடைவெளியை விளக்க நம் எல்லைப்புறத்து வழக்கு ஒன்றே போதும்.

2022 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. நோய்க் கட்டுப்பாட்டினால் திருவனந்தபுரத்துத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அம்பலமுக்குப் பகுதியில் செடிகள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்த பெண், செடிகளுக்கு நீர் ஊற்ற வந்தவர், கழுத்தில் குத்துண்டு இறந்தார். நாலரைப் பவுன் சங்கிலி போயிற்று. கண்ணால் கண்ட சாட்சி இல்லை. சாலைக் காமிராக்களில் பதிந்த உருவம், ஏற்றிச் சென்ற ஆட்டோ ஓட்டுநரின் நினைவு, இப்படி ஒவ்வோர் இழையாகப் பற்றிக்கொண்டு போலீசார் சென்றார்கள். பேரூர்க்கடையில் தேநீர்க் கடையில் வேலை செய்துவந்த ராஜேந்திரன் என்பவனை, பிப்ரவரி 11 அன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் காவல்கிணற்றில் பிடித்தார்கள். சங்கிலி அஞ்சுகிராமத்தில் ஓர் அடகுக்கடையில் இருந்தது. தோவாளைப் பகுதியைச் சேர்ந்த அவன், 2014இல் ஆரல்வாய்மொழியில் ஒரே குடும்பத்தில் மூவர் கொலையுண்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுப் பிணையில் வெளிவந்தவன் என்பது தெரிந்தபோது, எல்லைக்கு இப்பாலும் மக்கள் திகைத்தார்கள். தேநீர் ஊற்றித் தந்த கையைப் பற்றி அந்தக் கடைக்கு வந்தவர்கள் அறிய வழி என்ன இருந்தது?

துப்பறிவாளர் இரண்டு ஊர்களையும் இணைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் நீதிமன்றத்தின் நிலை நேர்மாறானது. 2024 வரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, தான் நல்லவன் என்று குற்றம் சாட்டப்பட்டவன் சான்று காட்டினாலன்றி அவனுடைய கெட்ட நடத்தையைப் பேசக்கூடாது என்றது. முன்பு கொன்றிருப்பான், ஆகவே இப்போதும் இவனே கொன்றான் என்ற வாதம் அங்கே செல்லாது. கதைகளின் உச்சக்கட்டமான ஒப்புதலும் அப்படியே. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு தள்ளிவிட்டது; அடிக்குப் பயந்து யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள் அல்லவா? 27ஆம் பிரிவு சிறிய வாசல் ஒன்றைத் திறந்துவைத்தது. அவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவன் பேச்சைச் சான்றாகக் கொள்ளலாம். 'இன்ன கடையில் அடகு வைத்தேன்' என்பது ஏறும். 'நான்தான் கொன்றேன்' என்பது ஏறாது. கண்ட சாட்சி இல்லாத வழக்கில், சூழ்நிலைச் சான்றுகள் கண்ணி அறாத சங்கிலியாக அமைந்து, வேறு எவரும் செய்திருக்க இயலாது என்று காட்டவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1984இல் சாரதா வழக்கில் வகுத்துரைத்தது.

ஆகவே 'தொடர்' என்ற சொல் துப்பறிவாளருக்குக் கண். நீதிபதிக்கோ, குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை, மூடி வைக்கவேண்டிய ஏடு. அம்பலமுக்கு வழக்கில் 2025 ஏப்ரலில் திருவனந்தபுரம் நீதிமன்றம் அந்த ஒரு கொலைக்கான சான்றுகளை எடைபோட்டே ராஜேந்திரனைக் குற்றவாளி என்றது. பிறகு என்ன தண்டனை என்ற வாதம் வந்தபோதுதான் பழைய ஏட்டை அரசுத்தரப்பு விரித்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி அத்தகைய தண்டனையை நிறைவேற்ற இயலாது.

காவல் நிலையங்களைக் கணினி வழி இணைக்கும் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2009இல் ஒப்புதல் தந்தது. நாடு முழுவதற்குமான கைரேகைத் தொகுப்பு 2022இல் தொடங்கி வைக்கப்பட்டது. உலகின் முதல் கைரேகை அலுவலகங்களில் ஒன்று 1897இல் கல்கத்தாவில் அமைந்தது; அங்கே கைரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்த அஜிசுல் ஹக்கும் ஹேமசந்திர போஸும் இந்தியர்கள். அவர்கள் அடுக்கிய சீட்டுகள் களியக்காவிளையைத் தாண்ட நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. துப்பறியும் கதை எழுதும் எண்ணம் உடைய நண்பர்கள், தங்கள் கதாநாயகரை ஒரு நாளாவது அந்தச் சீட்டுப் பெட்டியின் முன் உட்கார வைத்துப் பார்க்கலாம்.