எஞ்சின் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை

நான்கு சிலிண்டர் டிராக்டர் எஞ்சின்களில், சிலிண்டர்கள் 1, 2, 3, 4 என்ற கிரமத்தில் வெடிப்பதில்லை. பெரும்பாலானவற்றில் 1-3-4-2 என்பதும், சிலவற்றில் 1-2-4-3 என்பதும் வரிசையாகும். 1917-ல் வெளிவந்த போர்ட்ஸன் டிராக்டரில் பின்னதே கையாளப்பட்டது. இவ்வரிசையின் காரணத்தை அறிதல், எஞ்சினைப் பழுது பார்க்கும் குடியானவருக்குப் பணத்தையும் பருவத்தையும் மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு சிலிண்டரும் உறிஞ்சுதல், அமுக்குதல், வெடித்தல், புகை தள்ளுதல் ஆகிய நான்கு காரியங்களையும் முடிப்பதற்குள் கிராங்க் தண்டு இருமுறை சுற்றுகிறது. அதற்குள் நிகழும் நான்கு வெடிகளும் அரைச் சுற்றுக்கு ஒன்றாக அமைந்தால்தான் எஞ்சின் குலுங்காமல் சீராக இழுக்கும்.

தண்டின் இரு ஓரங்களிலுள்ள 1, 4 ஆகியவற்றின் வளைவுகள் ஒரு பக்கமும், நடுவிலுள்ள 2, 3 ஆகியவற்றின் வளைவுகள் எதிர்ப்பக்கமும் உள்ளன. இரட்டைச் சால் கவலையில் ஒரு சால் ஏற மற்றது இறங்கியதுபோல, ஒரு ஜோடிப் பிஸ்டன்கள் ஏறும்போது மற்ற ஜோடி இறங்கும். இதனால் எஞ்சின் முன்பின்னாக ஆடுவதில்லை.

1 வெடித்து இறங்கிய அரைச் சுற்றில் உச்சிக்கு வருபவை 2, 3 மட்டுமே. அவற்றுள் ஒன்றே அடுத்து வெடிக்கக்கூடும். அதன்பின் உச்சிக்கு வருபவை 1, 4. முன்னது அப்பொழுதுதான் புகை தள்ளி முடிக்கிறதாகையால் 4-ன் முறை வரும். எஞ்சியது கடைசியாக வெடிக்கும். ஆகவே சம இடைவெளிக்கு இவ்விரு வரிசைகளே இயலும். இரண்டில் எது என்பதை வால்வுகளை இயக்கும் காம் தண்டு நிர்ணயிக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் வழங்கும் 1-5-3-6-2-4 என்ற வரிசையில், அடுத்தடுத்துள்ள இரு சிலிண்டர்கள் தொடர்ந்து வெடிப்பதில்லை. பளுவும் ஓரிடத்தில் சேர்வதில்லை.

டீசல் எஞ்சினில் பம்பின் எண்ணெய்க் குழாய்களும், பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கம்பிகளும் இவ்வரிசைப்படியே பூட்டப்பட வேண்டும். மாறினால் எஞ்சின் கிளம்பாது. கிளம்பினாலும் பலமின்றிப் புகையும். நிலத்தில் ஈரம் காயுமுன் உழவேண்டிய நாளில் அது பெருநஷ்டமாகும்.

ஆதலின் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் எண் சீட்டுக் கட்டுக. வேறு எஞ்சினின் வரிசையை நம்பற்க. தயாரிப்பாளரின் புத்தகத்தைப் பார்க்க. புத்தகம் இல்லையேல், எண்ணெய் வரத்தை நிறுத்தி, வால்வு மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடும் திசையிலேயே தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுக. காற்று உட்புகும் வால்வுகள் எவ்வரிசையில் திறக்கின்றனவோ, அதுவே வெடிக்கும் வரிசையாம்.