மண்ணில் கலந்த நுண் பிளாஸ்டிக்கைக் கண்டறியும் முறை

2025 மே 25-இல் எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியபின், குமரி மாவட்டக் கடற்கரையிலும் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. அவை கண்ணுக்குத் தெரிந்ததால் பொறுக்கி எடுக்க முடிந்தது. வயலில் சேருபவை அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. உரச்சாக்கின் இழை, வாழைக்கு முட்டுக் கட்டும் பிளாஸ்டிக் கயிறு, ரப்பர் நாற்றுப் பை ஆகியவை வெயிலில் நொறுங்கித் துகளாகின்றன. நகரக் குப்பையில் தயாரான மக்கு உரத்துடனும் இவை வந்து சேரலாம். மண்ணில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே உரத்தை லோடாக இறக்குமுன் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதை வீட்டிலேயே ஓரளவு செய்யலாம். ஒரு லிட்டர் நீரில் சுமார் 350 கிராம் உப்பைக் கரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டவும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு கைப்பிடி உரமிட்டு, இக்கரைசலை ஊற்றிக் கலக்கி ஓரிரவு வைக்கவும். சாக்கு இழையும் பாலிதீனும் மேலே மிதக்கும். வைக்கோல் தூசியும் மிதக்குமாதலால், பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உருகிச் சுருளும், வைக்கோல் கருகும். உப்புநீரை வயலிலோ தென்னை மூட்டிலோ கொட்டலாகாது.

மிகச் சிறிய துகளுக்கு ஆய்வுக்கூடம் தேவை. மாதிரியிலுள்ள மக்குப் பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடால் சிதைத்து, மிதப்பவற்றை வடிதாளில் சேகரித்து, 'நைல் சிவப்பு' என்ற சாயத்தை இடுகிறார்கள். இது கொழுப்பில் கரையும் சாயம், பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். நீல ஒளி பாய்ச்சி ஆரஞ்சு வடிகண்ணாடி வழியே நோக்கினால் துகள்கள் ஒளிரும். ஒரு மில்லிகிராம் சாயத்தில் 100 மில்லி கரைசல் தயாரிக்கலாம். பல மாதிரிகளுக்கு அது போதும். 2017-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்சாயத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்களைக் கண்டுகாட்டினர். பிளாஸ்டிக்கின் இனத்தை உறுதிசெய்யும் அகச்சிவப்புக் கருவிகள் விலை மிகுந்தவை. நைல் சிவப்புக்கு நீல விளக்கும் நுண்ணோக்கியும் உள்ள கல்லூரி ஆய்வுக்கூடமே போதும்.

ஆனால் ஒளிர்வதெல்லாம் பிளாஸ்டிக் என்று கொள்ளலாகாது. சிதையாமல் எஞ்சிய கொழுப்பும் ஒளிரும். பாலியெஸ்டர், பி.வி.சி. ஆகியவை மங்கலாகவே தெரியும். அவை சமையல் உப்புக் கரைசலில் மிதப்பதுமில்லை. அவற்றுக்கு அடர்த்தி மிகுந்த துத்தநாகக் குளோரைடு கரைசல் வேண்டும். கரிய டயர்த் தூள் இதில் அகப்படுவது அரிது. பெராக்சைடு தோலைப் பொசுக்கும். சாயத்தைக் கரைக்கும் அசிட்டோன் தீப்பற்றும். எனவே இப்பகுதியை வீட்டில் முயல வேண்டாம்.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் தவறுவர். வழக்கமான மண் பரிசோதனைக்குப் பிளாஸ்டிக் வாளியும் பாலிதீன் பையும் பயன்படுகின்றன. இங்கு அவை கூடவே கூடாது. கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூவுக்கு உழுமுன், மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை பல இடங்களில் மண்ணெடுத்து, தகரத் தட்டில் கலந்து, கண்ணாடிக் குப்பியில் தகர மூடியிட்டு அனுப்பவும். எடுப்பவர் பருத்தி ஆடை உடுத்தியிருக்க வேண்டும். பாலியெஸ்டர் சட்டையின் இழையே மாதிரியில் விழக்கூடும். குப்பை உரம் ஒருபோதும் இடாத இடத்து மண்ணையும் தனிக் குப்பியில் சேர்த்தனுப்பினால், இரண்டின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு உரத்தோடு வந்தது எவ்வளவு என்று மதிப்பிடலாம்.