பல் வண்டி தோட்டத்துக்கு வரும் நாளில்

நம்ம லயங்களில் ஒருவருக்குப் பல் வலி வந்தால் என்ன செய்கிறோம்? முதலில் கிராம்பு வைப்போம். பிறகு உப்புத்தண்ணி. அதற்கும் கேட்காவிட்டால் கடையில் இரண்டு பனடோல். இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு விடிந்ததும் பெரட்டுக்குப் போய்விடுவோம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். போய் வருவது இலவசமில்லையே!

இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் நடமாடும் பல் வைத்திய சேவை இருக்கிறது. சில இடங்களுக்கு நாற்காலி, விளக்கு, தண்ணீர் எல்லாம் பொருத்திய வண்டியே வரும். வண்டி ஏற முடியாத பாதையென்றால் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து பிள்ளை மடுவத்திலோ பாடசாலையிலோ போடுவார்கள். பல் பிடுங்குவது, சூத்தையை அடைப்பது, காரை சுரண்டிச் சுத்தம் செய்வது, வாயைச் சோதிப்பது ஆகியவற்றை அங்கேயே செய்யலாம். பெரிய வேலையென்றால் துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அந்தத் துண்டை சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

ஆனால் வண்டி வந்தாலும் வலி உள்ளவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். “எனக்கு வலி ஒண்ணும் இல்லீங்க, எதுக்கு காட்டணும்?” என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம்ம தோட்ட மக்களின் வாயிலிருந்தே பதில் கிடைத்திருக்கிறது.

1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு பல் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்திய வசதியோ இல்லாதவர்கள் அவர்கள். 1985 வரை, 15 வருஷம், திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சூத்தைப் பல் அநேகமாக இருக்கவில்லை. ஆனால் பல்லில் அழுக்கும் காரையும் படிந்து, ஏறக்குறைய எல்லோருக்கும் முரசு வீங்கியிருந்தது. நூற்றில் 11 பேருக்கு அது வீக்கத்தோடு நின்றது. 81 பேருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் பகுதி மெதுவாகக் கரைந்தது. 45 வயதில் சராசரி 7 பல் போயிருந்தது. மிச்சம் 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல், 45 வயதில் ஒரு பல்லும் இல்லை. 2010இல் மறுபடி தேடிப்போய்ச் சோதித்தபோது, அந்த 480 பேரில் 75 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

சூத்தை இல்லாத நல்ல பல் ஏன் விழுந்தது? முரசு நோய் அதிகமாக வலிக்காது. துலக்கும்போது ரத்தம் வரும், பல் லேசாக ஆடும், அவ்வளவுதான். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை விட்டுவிடுகிறோம். அழுக்கு இன்னும் சேர்கிறது. ரத்தம் வந்தால்தான் இன்னும் கவனமாக, மெதுவாகத் துலக்க வேண்டும். கரியும் செங்கல் தூளும் வேண்டாம், பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். புளோரைட் உள்ள பற்பசை கொஞ்சம் போதும். இரவில் படுக்கும்முன் கட்டாயம்.

அடுத்தது வெத்திலை. குளிருக்கும் பசிக்கும் மலையில் அதுதான் துணை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னணியில் நிற்கிறது. பொயிலையை மட்டும் விட்டால் போதுமென்று சிலர் நினைக்கிறார்கள். பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் தெளிவாக முடிவு செய்தது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாயை முன்போல அகலத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிவு: இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இதுவும் ஆரம்பத்தில் வலிக்காது. தழும்பாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் அது புற்றுநோயாக மாறாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டு. வெத்திலை போடும் அம்மாயி, தாத்தாவையும் கூட்டி வாருங்கள். பல்லே இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறதல்லவா?

பிள்ளைகளுக்கு வருவோம். சீனி போட்ட சாயத்தண்ணியை சூப்பிப் போத்தலில் கொடுத்துத் தூங்க வைத்தால் முன்பல் கரைந்துவிடும். ஆறு வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் பாற்பல் அல்ல, அது விழுந்தால் மறுபடி முளைக்காது. நிறைய தாய்மாருக்கு இது தெரியாது. கர்ப்பிணிகளும் வரலாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வைத்தியத்துக்கு வசதியான காலம். கர்ப்பமென்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மேல்பல் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்பது வெறும் கதை.

வரும்போது வெறும் வயிற்றோடு வராதீர்கள். பிரஷர், சீனி வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் கிளினிக் புத்தகத்தையும் குடிக்கிற மருந்தையும் கொண்டு வரவேண்டும். பல் பிடுங்கியவர்கள் பஞ்சை அரை மணி நேரம் கடித்திருங்கள். அன்றைக்கு வாயைக் கொப்பளிக்காதீர்கள், துப்பிக்கொண்டே இருக்காதீர்கள், வெத்திலை போடாதீர்கள். தேத்தண்ணியை ஆறவைத்துக் குடியுங்கள். அடுத்த நாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். ரத்தம் நிற்காமல் வந்தால், வண்டி போய்விட்டதே என்று இருக்காமல் உடனே தோட்ட டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.