நட்டமும் ஈடும்



கடும் வரட்சியில் விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றும்போது, பழைய தெல்தெனிய நகரின் இடிபாடுகள் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். துரித மகாவலித் திட்டத்தின் கீழ், பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு, 1985இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அணையின் உயரம் 122 மீற்றர். அது நாட்டுக்கு 210 மெகாவாற் மின்வலுவைத் தந்தது. அதற்கு விலையாக நகரும் சுற்றியிருந்த வயல்களும் நீரில் மறைந்தன. அங்கிருந்த குடும்பங்களிற் சில, மகாவலி 'சி' வலயத்தில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும் பெற்றுக் குடியேறின. சுவீகரித்த காணிகளுக்கு அரசு நட்டஈடு வழங்கியது. மண்ணை நம்பியிருந்த கைகளுக்குத் திடீரெனப் பணம் வந்தது.

திடீர்ப் பணம் குடும்பத்தை மாற்றுவது ஏன்? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சற்று ஆழமாகப் பார்ப்போம்.

கண்டிப் பகுதியில் பிரிக்கப்படாத காணிகள் ஏராளம். ஒரே வயலைப் பங்காளிகள் முறைவைத்து மாறி மாறிப் பயிரிடும் 'தட்டுமாறு' என்ற வழக்கமும் உண்டு. இவ்வாண்டு அண்ணன் விதைத்தால், அடுத்த முறை தம்பிக்கு. மனத்தாங்கல் இருந்தாலும் வரம்பிலே சந்தித்தாக வேண்டும். ஆனால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி நட்டஈடு வழங்கும்போது, யாருக்கு எவ்வளவு உரித்து என்று விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். காணி சேர்த்து வைத்தவர்களைப் பணம் பங்குகளாகப் பிரிக்கிறது. அதன்பின் ஒருவரையொருவர் தேடிப்போக வேண்டிய தேவை இல்லை. அன்பு மட்டுமே மிஞ்சுகிறது. அது எவ்வளவு இருந்தது என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில், சொத்தைத் தன்னோடு பங்கிடும்படி சகோதரனுக்குச் சொல்லுமாறு ஒருவன் இயேசுவிடம் கேட்கிறான். அவர் பங்கு பிரிக்க மறுத்து, பேராசையைக் குறித்து எச்சரிக்கிறார். கணக்கை யாரும் தீர்த்துவைக்கலாம். உறவை அவர்களேதான் காக்க வேண்டும்.

'நட்டஈடு' என்ற சொல்லையே பாருங்கள். நட்டம் முன்னே, ஈடு பின்னே. நாமோ முன்னதை மறந்து பின்னதை இலாபம் என்கிறோம்.

இது அணைக்கட்டு ஊருக்கு மட்டும் உரிய பாடமன்று. தோட்டத்தில் ஓய்வுபெறும் தாய்க்கு ஊழியர் சேமலாப நிதி மொத்தமாகக் கிடைக்கிறது. அவளது சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும் தோட்ட நிர்வாகம் செலுத்திய 12 வீதமும் சேர்ந்த பணம் அது. அட்டைக்கடியிலும் மழையிலும் கொழுந்து பறித்த ஆண்டுகளின் விலை. மத்திய கிழக்கிலிருந்து வரும் பணமோ, தாயில்லாமல் பிள்ளைகள் உறங்கிய இரவுகளின் விலை. அதில் தொலைக்காட்சிப் பெட்டியோ முச்சக்கரவண்டியோ வாங்குவது பாவமன்று. ஆனால் விலை கொடுத்தவரைக் கேளாமல் செலவிடுவது அநீதி.

ஆகவே, பணம் கைக்கு வந்த அன்றே, செலவுக் கணக்கு எழுதுமுன், வீட்டார் எல்லோரும் பிள்ளைகளோடு உட்காருங்கள். இம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள்:

1. எதை இழந்ததற்காக இப்பணம் வந்தது?
2. நம்மில் அதிகம் இழந்தவர் யார்? அவருடைய விருப்பம் என்ன?
3. இழந்ததில் எதை இப்பணத்தால் மீட்கலாம்? எதை மீட்க முடியாது?

மூன்றாவது கேள்வியின் பிற்பகுதிக்கு விடை சொல்லும்போது வீடு சற்று மௌனமாகும். அந்த மௌனத்திற்குப் பிறகு எடுக்கும் தீர்மானம் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும்.