கயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

கலிபோர்னியா சிறையொன்றில் கணக்கு சொல்லித்தரப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். சந்தோஷம். உன் மெயிலில் 43 சதவீதம் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தாய். அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. சிறையில் படித்தவர்களில் 43 சதவீதம் பேர் திருந்திவிட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. படிக்காதவர்களில் நூற்றுக்கு 43 பேர் மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிறைக்கு வந்தால், படித்தவர்களில் 30 பேர் வருவார்கள் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. (இந்த 43 வேறு, உன் மெயிலில் இருந்த 43 வேறு. உன்னுடையது, மறுபடி சிறைக்கு வரும் சாத்திய விகிதம், அதாவது odds, எவ்வளவு குறைகிறது என்பது. கணக்கு டீச்சர் குழம்பக் கூடாது.) பதின்மூன்று பேர் திரும்பி வராமல் இருப்பது சின்ன விஷயமா?

திருந்த நினைத்தவன்தானே வகுப்புக்கே வருகிறான் என்று யாராவது உன்னை மடக்குவார்கள். நியாயமான கேள்வி. முறையாகச் செய்த ஆய்வுகளை மட்டும் பொறுக்கியெடுத்துத்தான் அந்த எண்ணைச் சொன்னார்கள். அப்படியும் சந்தேகம் முழுதாகத் தீராது. அதற்காக நீ வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை.

எனக்குக் கவலை வேலை விஷயத்தில்தான். டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கி நகரில் இளைஞர்களைப் பொய் விண்ணப்பங்களோடு வேலை கேட்க அனுப்பினார். 2003-இல் முடிவு வெளியானது. சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு நூற்றுக்கு 17 இடங்களில் அழைப்பு வந்தது. எந்தக் குற்றப்பதிவும் இல்லாத கறுப்பினத்தவருக்கு 14. சிறை சென்றதாகச் சொன்ன கறுப்பினத்தவருக்கு வெறும் 5. இதை எந்தப் பாடத்திட்டம் சரிசெய்யும்?

நீ இருக்கும் மாநிலத்தையே பார். கைதிகள் பல பத்தாண்டுகளாக அங்கே காட்டுத்தீயை அணைக்கிறார்கள். அரசே பயிற்சி தருகிறது. ஆனால் விடுதலையாகி வந்து ஊர்த் தீயணைப்புத் துறையில் சேரப் போனால், பல இடங்களில் அவசர மருத்துவ உதவிக்கான சான்றிதழ் கேட்பார்கள். குற்றப்பதிவு உள்ளவருக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு. இப்படித் தீயணைத்த கைதிகள் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பதிவை நீக்கிக்கொள்ள 2020-இல்தான் ஒரு சட்டம் வழிவிட்டது.

அதனால், வெளியே போய் இன்ன வேலை பார்க்கப் போகிறேன் என்று உன் மாணவர் யாராவது சொன்னால், அதற்கு உரிமம் வேண்டுமா, தண்டனை பெற்றவருக்குத் தருவார்களா என்று உடனே விசாரித்துச் சொல். பின்னக் கணக்கை அடுத்த வாரம் நடத்திக்கொள்ளலாம். என்ன வழக்கில் உள்ளே வந்தார் என்று மட்டும் நீயாகக் கேட்காதே.

அன்புடன்,
மாமா